வரைபடத்தின் இடது பக்கம்

புனேயிலும் சுற்றுவட்டாரத்திலும் செல் வளர்ப்பு ஆய்வுக்கூடங்களில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பேசக் கூப்பிட்டீர்கள். நான் பேசிய ஒரு மணி நேரத்தில் பாதியைக் கோபப்பட்டே கழித்தேன் என்று பிறகு காதில் விழுந்தது. உண்மைதான். அதையே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன். உங்களில் சிலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் எனக்குக் கோபம் குறைந்து மரியாதை கூடிவிடுகிறது. இந்த விஷயத்துக்கு அந்த மரியாதை தேவையில்லை.

செல்களை எப்படிப் பிரித்து வளர்ப்பது, எப்படி உறைய வைப்பது என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகக் கற்று வந்திருக்கிறீர்கள். அதைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. நான் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எனக்கு டாக்டர் பட்டம் கிடையாது. விருதுநகரில் படித்துவிட்டு, வங்கி வேலையில் இருந்த கணவரோடு புனேக்கு வந்தவள். இங்கே ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் செல் வளர்ப்புக் கூடத்துக்குப் பொறுப்பாளராக ஏறத்தாழ முப்பது வருடம் இருந்தேன். ஆராய்ச்சி மாணவர்கள் வருவார்கள், போவார்கள். தலைவர்கள் மாறுவார்கள். கூடத்தின் சாவி என்னிடம்தான் இருக்கும். எந்தச் சோதனையின் முடிவும் வெளியே போவதற்கு முன் நான் மூலக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரிபார்த்தது என்று கையெழுத்துப் போட வேண்டும். பட்டம் இல்லாதவளுக்கு அந்தக் கையெழுத்துதான் பெருமை. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு வாய்ப் புற்றுநோய் பற்றிய ஒரு ஆய்வு எங்கள் கூடத்துக்கு வந்தது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்கள் என்று நாம் சொல்லும் கூட்டத்தில் நம் நாட்டில் வாய்தான் முன்னால் நிற்கிறது. காரணம் உங்களுக்குத் தெரியும். குட்கா, புகையிலை, பாக்கு. இந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கூடுதலாக மிஷ்ரி. புகையிலையை வறுத்துக் கருக்கிப் பொடித்து, காலையில் பல்லில் தேய்ப்பது. தேய்த்துத் துப்பிவிட்டுப் போவதில்லை. பல்லிடுக்கில் வைத்துக்கொண்டே பாதி வேலையை முடிப்பார்கள்.

வாய்ப் புற்றுநோய்ச் செல்களின் மேல் நைட்ரிக் ஆக்சைடு என்ன செய்கிறது என்பதுதான் ஆய்வு. நம் உடம்பே தயாரிக்கும் வாயு அது. ரத்தக் குழாயைத் தளர்த்துவதற்கும், கிருமியைக் கொல்வதற்கும், செல்லுக்குச் செல் செய்தி சொல்வதற்கும் அதையே பயன்படுத்துகிறது. வாயுவை நேரடியாகத் தட்டில் ஊற்ற முடியாது என்பதால், கரைத்தால் அதை மெல்ல மெல்ல வெளிவிடும் ஒரு பொருளைச் சேர்ப்போம். நிறையச் சேர்த்தால் புற்றுநோய்ச் செல்கள் உருண்டு, தட்டைவிட்டுப் பிரிந்து, செத்து மிதக்கும். பார்க்கவே மனதுக்கு இதமாக இருக்கும். எங்கள் துறைத் தலைவருக்கும் அப்படித்தான் இருந்தது. புனேயின் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த ஹிஞ்சேவாடியில் புதிதாகத் தொடங்கிய ஒரு சின்ன நிறுவனம், இந்த வாயுவை வெளிவிடும் ஜெல் ஒன்றைச் செய்திருந்தது. வாய்க்குள் புண் இருக்கும் இடத்தில் தடவ வேண்டியதுதான். சோதனையைச் செய்ய வேண்டியது நாங்கள்.

செய்தவள் பிருந்தா, தலைவரிடம் ஆய்வு செய்த மாணவி. கட்கியில் பிறந்து வளர்ந்த பெண். அவள் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். வீட்டில் தமிழ்தான் என்றாலும் அவள் பேசும் தமிழ் நடுவில் நின்று வார்த்தை தேடும். கை மட்டும் தேடாது. முப்பது வருடத்தில் அவ்வளவு சுத்தமான கை உள்ளவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு நாள் அவள் வரைபடத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். வலது பக்கம் அளவு அதிகம். அங்கே செல்கள் செத்திருந்தன. நடுவில் குறைவாகச் செத்திருந்தன. இடது ஓரத்தில், மிகக் குறைந்த அளவில், கோடு மேலே ஏறியிருந்தது. அங்கே செல்கள் சாகவில்லை. ஒன்றும் சேர்க்காத தட்டைவிட அதிகமாக வளர்ந்திருந்தன. கீறல் சோதனையையும் காட்டினாள். ஒற்றை அடுக்காக ஒட்டி வளர்ந்த செல்களின் நடுவே ஒரு கோடு கீறிவிட்டு, இரு கரையிலிருந்தும் செல்கள் நகர்ந்து வந்து அந்த இடைவெளியை எவ்வளவு சீக்கிரம் மூடுகின்றன என்று பார்ப்போமே, அது. குறைந்த அளவு கொடுத்த தட்டில் செல்கள் நீண்டு, கால் வைத்து நடப்பதுபோல் நடந்து, மற்றத் தட்டுகளுக்கு முன்பே கீறலை மூடியிருந்தன. நகரும் செல் என்றால் பரவும் செல் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வரைபடத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினேன். செல் வளர்க்கும் தட்டில், அந்த ப்ளேட்டில், ஓரக் குழிகள் காய்ந்திருக்கும், இல்லாவிட்டால் குழி மாறிப் போயிருக்கும், திரும்பச் செய் என்றேன். திரும்பச் செய்தாள். அதே முடிவு. மறுபடியும் செய்தாள்.

“மேம், நான் மூணு வாட்டி பண்ணேன். மூணு வாட்டியும் சேம்தான் வருது. குழி மாறலை.”

அவள் குரலில் கெஞ்சல் இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஜெல் நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. தலைவர் காலையிலும் மாலையிலும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இடது பக்கத்து முடிவுகளை அவரிடம் சொன்னபோது, அது தற்செயலாக விலகி நிற்கும் புள்ளி, மருந்தாகக் கொடுக்கப் போகும் அளவு எப்படியும் அதிகம்தான், குறைந்த அளவைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள் என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது என்று சொன்னால் பொய். வசதியாகப் பட்டது. பிருந்தாவின் மூன்று ப்ளேட்டுகளையும் பிளீச்சில் போட்டுக் கழிவுக்கு அனுப்பினேன். நடுவிலிருந்து தொடங்கும் வரைபடத்தோடு அறிக்கை போயிற்று. கீழே என் கையெழுத்து.

இதை எழுதும்போது எனக்கு யார் மேல் கோபம் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். மற்றவர்கள் மேல் உள்ள கோபத்தைப் பிறகு சொல்கிறேன். இது முதலில் வர வேண்டும்.

சில மாதங்கள் கழித்து ஜெல் செய்த அந்த நிறுவனத்திலிருந்து சரவணன் என்ற இளைஞர் வந்து எங்கள் அரங்கில் பேசினார். கோயம்புத்தூர்க்காரர். நல்ல பேச்சு, நல்ல படிப்பு. அறிமுகமான முதல் நாளே, நம்மூர்க்காரங்க ஒருத்தர் இங்கே இருக்கிறது எவ்வளவு தெம்பா இருக்குதுங்க என்று சொல்லி என்னைக் குளிர வைத்தவர். அன்று அவர் ஒரு படம் காட்டினார். தட்டு நிறைய வாய்ப் புற்றுநோய்ச் செல்கள். நடுவில் ஒரு துளி ஜெல். ஜெல்லைச் சுற்றி வட்டமாகச் செல்கள் செத்து, தட்டு கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

கை தட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டத்துக்கு வெளியே பார்த்தேன். செத்த வட்டத்தைச் சுற்றி ஒரு வளையம். அங்கே செல்கள் மற்ற இடத்தைவிட நெருக்கமாக இருந்தன. ஒவ்வொன்றும் நீண்டு, ஜெல்லுக்கு எதிர்ப்பக்கம் தலையை நீட்டிக்கொண்டு. என் கைகள் நின்றுவிட்டன. ஜெல்லுக்கு அடியில் வாயு நிறைய இருக்கிறது. தள்ளிப் போகப் போகக் குறைகிறது. எங்கோ ஒரு தூரத்தில் அது பிருந்தாவின் இடது பக்கத்து அளவாகிவிடுகிறது. தட்டிலேயே இப்படி என்றால் வாயில்? எச்சில் ஊறிக் கரைக்கும். புண்ணின் ஆழத்துக்கும் ஓரத்துக்கும் போய்ச் சேருவது மிச்சம் மீதிதான். குறைந்த அளவை யாரும் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. அதிக அளவைக் கொடுத்தாலே குறைந்த அளவும் கூடவே போகிறது. இது புரிவதற்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. முப்பது வருட அனுபவமும் வேண்டியதில்லை. அந்தப் பெண் வரைந்த கோட்டை ஒரு முறை ஒழுங்காகப் பார்த்திருந்தால் போதும்.

அரங்கம் கலைந்ததும் பிருந்தாவைத் தேடிப் போனேன். அந்தச் சோதனையை மறுபடி செய்யலாம், இந்த முறை எந்தத் தட்டில் எந்த அளவு என்று எனக்குச் சொல்லாதே, நீ எண் மட்டும் போட்டு வை, நான் பார்த்து அளக்கிறேன் என்றேன். அவள் கேட்டாள்.

“அந்த மூணு ப்ளேட்டையும் ஏன் மேம் தூக்கிப் போட்டீங்க?”

அறிக்கை தாமதமாகும் என்று பயந்தேன் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு செல்களை வைத்திருக்கும் இன்குபேட்டரைத் திறந்தாள். 

புதிய தட்டுகளோடு, வாயு முழுவதும் வெளியேறித் தீர்ந்துபோன கரைசலையும் ஒரு தட்டில் சேர்க்க அவளே முடிவு செய்திருந்தாள். செல்லை ஓட வைப்பது வாயுதானா, கூட இருக்கும் வேறு பொருளா என்று அதில் தெரிந்துவிடும். எந்தத் தட்டு எது என்று தெரியாமல் நான் ஒவ்வொரு கீறலையும் அளந்து எழுதினேன். எல்லாம் முடிந்ததும் அவள் தன் பட்டியலைப் பக்கத்தில் வைத்தாள். முன்னதாக மூடிய தட்டுகள் எல்லாமே குறைந்த அளவு கொடுத்தவை. வாயு தீர்ந்த கரைசல் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. பிருந்தாவின் கோடு முதல் நாளிலிருந்தே சரி.

உடனே தலைவரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதுதான் அவரிடம் எனக்கு எப்போதும் பிடிக்காத பொறுமை. சுவாரசியமான விஷயம், தனியாக ஒரு கட்டுரையாகப் பின்னால் எழுதலாம் என்றார். ஜெல் இன்னும் நோயாளிகளிடம் போகவில்லையே, என்ன அவசரம் என்றார். நான் அதை நம்பிக்கொண்டு என் இருக்கைக்குத் திரும்பினேன். இது என்னுடைய இரண்டாவது தவறு. போகவில்லை என்று அவர் சொன்னதை எங்கேயாவது விசாரித்திருக்க வேண்டும்.

எங்கள் கூடத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவ ஒரு அம்மாள் இருந்தார். லதா என்று பெயர். இங்கே வழக்கப்படி எல்லோரும் மாவ்ஷி என்போம், மராத்தியில் சித்தி. ஏரவாடாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அவர் கழுவிய பாத்திரத்தில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. செல்கள் செத்தால் நாங்கள் எல்லோரையும் சந்தேகப்படுவோம், மாவ்ஷியை மட்டும் மாட்டோம். அந்த வாரம் ஒரு நாள் கழுவும் அறைக்குப் போனபோது, தொட்டிக்கு மேலே ஜன்னல் கட்டையில் ஒரு டியூப் இருந்தது. அதன் மேல் இருந்த படம் சரவணன் அரங்கில் காட்டிய அதே படம்.

இது எங்கிருந்து வந்தது என்று மராத்தியில் கேட்டேன். மாவ்ஷிக்கு முகம் மலர்ந்தது. அவர்கள் பகுதியில் ஒரு மருத்துவமனை பல், வாய் சுகாதார முகாம் என்று ஒன்று நடத்தியதாம். வாயில் புண்ணோ வெள்ளைத் திட்டோ இருப்பவர்களுக்கு இதைக் கொடுத்துத் தடவச் சொன்னார்களாம். கூடவே ஒரு துண்டுத் தாளும். மாவ்ஷிக்குப் படிக்கத் தெரியாது. மகள் படித்துச் சொல்லியிருக்கிறாள். எங்கள் நிறுவனத்தின் பெயர் அதில் இருந்திருக்கிறது.

“நம்ம லேப் மருந்துன்னு தெரிஞ்சதும் நான் ரெண்டாவது டியூபும் கேட்டு வாங்கிட்டேன் மேடம். நீங்க பாத்துக் கையெழுத்துப் போட்டிருப்பீங்கல்ல?”

மருந்தாகக் கொடுத்தால் அனுமதி கேட்க வேண்டும். நெறிமுறைக் குழு இருக்கிறது, அரசாங்கம் இருக்கிறது. அதனால் வாய் சுகாதாரப் பொருள் என்று பெயர் மாற்றி, பயன்படுத்திப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று ஏழைகள் வாயில் தடவிவிட்டார்கள். ஹிஞ்சேவாடியில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை செய்பவர்களின் கன்னத்தில் யாராவது இப்படித் தடவிப் பார்ப்பார்களா? கம்பெனி வண்டியில் வந்து இறங்குகிறவர்களிடம் ஒரு டியூபை நீட்டிக் கருத்துக் கேட்டிருப்பார்களா? முதலில் அனுமதிக் கடிதத்தைக் காட்டு என்று சொல்லியிருப்பார்கள். ஏரவாடாவில் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் அங்கே போனார்கள்.

மாவ்ஷியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கூட்டி வந்து வாயைத் திறக்கச் சொன்னேன். முழுதாகத் திறக்க முடியவில்லை. இரண்டு விரல் போகும் அளவுதான். இடது கன்னத்தின் உட்புறம், மிஷ்ரி வைக்கும் இடத்தில், தடித்த ஓரத்தோடு ஒரு புண். நான் மருத்துவர் இல்லை. ஆனால் அந்த மாதிரிப் புண்களிலிருந்து எடுத்த செல்களையும்தான் முப்பது வருடமாக வளர்த்துக்கொண்டிருக்கிறேன். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். அரசு மருத்துவமனையில் காட்டியாயிற்று, சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க நாள் கொடுத்திருந்தார்கள், அந்த நாளும் போய்விட்டது என்றார்.

“ஏன் போகல?”

“முகாம்ல இருந்தவர் சொன்னாரு, முதல்ல இதைத் தடவிப் பாருங்க, கத்தி வைக்காமலே ஆறிடலாம்னு. கத்தின்னா யாருக்கு மேடம் பயம் இல்ல?”

 தலைவர் அறைக்கு ஓடிப்போய்க் கத்த வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றியது. அந்த இடத்தில் நின்று யோசித்தேன். நான் கத்தினால் கூட்டம் கூடும், விளக்கம் கேட்பார்கள், இரண்டு நாள் போகும். அந்த இரண்டு நாளும் இந்த வாயில் அந்தப் புண் இருக்கும். உங்களுக்கு இப்படி ஒரு நாள் வந்தால், முதலில் ஆளைப் பாருங்கள், பிறகு காகிதத்தைப் பாருங்கள். டியூபை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கே அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மாவ்ஷியை ஆட்டோவில் ஏற்றி அதே அரசு மருத்துவமனைக்குப் போனேன். தவறிய நாளுக்குப் பதில் வேறு நாள் தர மாட்டோம், வரிசையில் வாருங்கள் என்றார்கள். வரிசையில் நின்றோம். புறநோயாளிப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் வாயைப் பார்த்ததும் எழுந்து வந்து கழுத்தைத் தடவிப் பார்த்தார். தாடைக்குக் கீழே ஒரு கட்டி தட்டுப்பட்டது. முன்பு வந்தபோது கழுத்தில் கட்டி இல்லை என்று பழைய சீட்டில் எழுதியிருந்தது. டியூபை எடுத்து அவரிடம் கொடுத்து, இதில் இருப்பது என்ன, இது செல்களை என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். துணுக்கு எடுக்க அந்த வாரத்திலேயே நாள் கிடைத்தது.

இங்கே நான் நிதானமாக ஒன்று சொல்ல வேண்டும். கோபத்தில் இருப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். ஜெல்தான் அந்தக் கட்டியைக் கழுத்துக்கு அனுப்பியது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. வாய்ப் புற்றுநோய் தானாகவே கழுத்துக்கு இறங்கும். தட்டில் பார்த்ததை ஒரே ஒரு மனுஷியின் கழுத்தில் வைத்து நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடிகிறதுபோலப் பேசினால் நானும் அந்தத் துண்டுத் தாளும் ஒன்றுதான். ஆனால் துணுக்கு எடுக்க வேண்டிய நாள் தவறியதற்கு ஜெல்தான் காரணம். அதில் எந்தச் சந்தேகமும் கிடையாது. அந்த வாரங்களை மாவ்ஷியிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த டியூபும், அதன் பின்னால் இருந்த என் கையெழுத்தும்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கடிதம் எழுதினேன். கையெழுத்துப் போட மறுப்பதற்கு வழி இருக்கிறது. போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்குவதற்கு எங்கள் அலுவலகத்தில் படிவம் எதுவும் இல்லை. தேடிப் பார்த்தேன். அதனால் வெள்ளைத் தாளில் எழுதினேன். இன்ன அறிக்கையில் குறைந்த அளவுகளின் முடிவுகள் விடப்பட்டிருக்கின்றன, அவை விடப்பட்டது எனக்குத் தெரிந்தே நடந்தது, சரிபார்த்தது என்று நான் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன், அந்த அறிக்கையைக் காட்டி ஒரு பொருள் மனிதர்களின் வாயில் தடவப்படுகிறது, அதை உடனே நிறுத்த வேண்டும். பிருந்தாவின் குறிப்பேட்டுப் பக்கங்களின் நகலை இணைத்தேன். ஒரு பிரதி நெறிமுறைக் குழுவுக்கு, ஒன்று இயக்குநருக்கு, ஒன்று அந்த முகாமை நடத்திய மருத்துவமனைக்கு. மூன்றுக்கும் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வைத்துக்கொண்டேன். இது முக்கியம். முத்திரை இல்லாத கடிதம் எழுதாத கடிதம்.

மதியத்துக்குள் தலைவர் கூப்பிட்டார். சரவணனும் அங்கே உட்கார்ந்திருந்தார். தெரிந்தே விட்டேன் என்ற வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார் தலைவர். அது உங்களுக்குத்தான் கெடுதல், ஓய்வு பெறும் நேரத்தில் ஏன் இந்த வம்பு என்று அக்கறையாகப் பேசினார். கவனக்குறைவால் விடுபட்டது என்று மாற்றினால் எல்லோரும் தப்பிக்கலாம். நான் மாட்டேன் என்றேன். அப்படியானால் பிருந்தாவின் எதிர்காலத்தையாவது யோசியுங்கள் என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதற்குத்தான். உண்மையைச் சொன்ன பெண்ணை அவள் உண்மைக்கே பிணையாக வைத்தார்.

 பிறகு சரவணன் தமிழில் ஆரம்பித்தார்.

“மேடம், நாமெல்லாம் ஒரே பக்கத்து ஆளுங்க. நீங்களே இப்பிடி எழுதினா நான் யாருகிட்டப் போயி நிக்கிறதுங்க?”

ஒரே பக்கத்து ஆள் என்றால் வாருங்கள், ஒன்று காட்டுகிறேன் என்று அவரைக் கூடத்துக்குக் கூட்டிப் போனேன். பிருந்தா ஒரு தட்டில் அவருடைய ஜெல்லையே வைத்திருந்தாள். நுண்ணோக்கியில் அந்த வளையத்தைக் காட்டினேன். அவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். முட்டாள் இல்லை, பார்த்த உடனே புரிந்துவிட்டது. நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. இவர் நம் பக்கம் வந்துவிடுவார் என்று ஒரு கணம் நம்பினேன்.

“அடுத்த பேட்ச்ல சரி பண்ணிக்கலாங்க,” என்றார்.

தலைவர் கெட்டவர், அவரிடம் நான் எதிர்பார்த்ததுதான். இந்தப் பிள்ளைக்குக் கண்ணால் பார்த்த பிறகும் ஏரவாடாவில் இருக்கும் வாய்கள் ஒரு பேட்சாகத்தான் தெரிந்தன. உங்கள் வயதுக்காரர். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

இந்த பேட்ச்சில் இருப்பவர்களை யார் சரி செய்வது என்று கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு போனார்.

நெறிமுறைக் குழு கூடியது. டியூப்களைத் திரும்ப வாங்கச் சொன்னார்கள். முகாமுக்கு வந்தவர்கள் எல்லோரையும் தேடிப் பிடித்து வாய்ப் பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். முகாமில் பதிந்த பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனது சமூகப் பணியாளர்கள் இரண்டு பேரும் பிருந்தாவும். நானும் விடுமுறை நாள்களில் போனேன். எல்லோரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து வீடு மாறிப் போனவர்கள், முகவரியே தப்பாகக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய வாயில் என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைசியில் குழுவின் அறிக்கை வந்தது. அதில் யார் பெயரும் இல்லை. நடந்தது, துறைகளுக்கிடையே ஏற்பட்ட தகவல் பரிமாற்ற இடைவெளியாம். நான் தெரிந்தே விட்டேன் என்று என் கையால் எழுதிக் கொடுத்தது இடைவெளியாகிவிட்டது. எனக்குத் தண்டனை கொடுத்திருந்தால் தலைவருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் எனக்கு நன்றி சொல்லிவிட்டு, கூடத்தின் சாவியை வாங்கிக்கொண்டு, ஓய்வு பெறும்வரை பண்டகசாலையில் கையுறைப் பெட்டிகள் எண்ண வைத்தார்கள். தலைவர் அதே நாற்காலியில்தான் இருந்தார். பிருந்தா வழிகாட்டியை மாற்றிக்கொண்டு, ஒரு வருடம் கூடுதலாக உழைத்து, இடது பக்கமும் வலது பக்கமும் சேர்ந்த முழு வரைபடத்தோடு ஆய்வேட்டைக் கொடுத்தாள். வாய்மொழித் தேர்வு நடந்த அறையில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பேராசிரியர் அந்த இடது பக்கத்தைக் காட்டி, இது சோதனைப் பிழையாக இருக்கலாம் அல்லவா என்று கேட்டார். அவள் கலங்காமல், அப்படி நினைத்தவர்களே பிறகு எந்தத் தட்டு எது என்று தெரியாமலே அளந்து பார்த்தார்கள், பிழை இல்லை என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மரியாதைக்கு நான் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

மாவ்ஷிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இடது கன்னத்தையும் தாடையில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு, மார்பிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைத்தார்கள். கழுத்துக் கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. பல மாதங்கள் கழித்து வேலைக்குத் திரும்பினார். பேச்சு குழறும். பழகினவர்களுக்குத்தான் புரியும். வாயோரத்தில் எச்சில் வழியும் என்பதால் கையில் எப்போதும் ஒரு துணி வைத்திருப்பார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் பண்டகசாலைக்கு வந்தார். ஒரு முறை அந்தச் செல்களைப் பார்க்க வேண்டும் என்றார். இருபது வருடமாக அவற்றுக்குப் பாத்திரம் கழுவியவர். அதுவரை யாரும் அவரிடம் காட்டியதில்லை, நான் உட்பட. புதிய பொறுப்பாளரிடம் கேட்டு அவரைக் கூடத்துக்குள் அழைத்துப் போனேன். நுண்ணோக்கியின் உயரத்தைச் சரி செய்து கொடுத்தேன். துணியால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இது யாரோட வாயிலேருந்து எடுத்தது?”

எனக்குத் தெரியவில்லை. எந்த வகைச் செல், எத்தனை தலைமுறை, என்ன ஊட்டம், எந்த வெப்பம், எல்லாம் தெரியும். புட்டியின் மேல் எழுத்தும் எண்ணும் இருக்கும். எங்கோ ஒரு ஊரில், எப்போதோ, ஒருவருடைய நாக்கிலிருந்தோ கன்னத்திலிருந்தோ எடுத்தது. அவருக்குப் பெயர் இருந்திருக்கும். முப்பது வருடத்தில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

தெரியாது மாவ்ஷி என்றேன்.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பார்த்தது அப்படியில்லை. துணியை மடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“அவங்ககிட்டயும் யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க.”

பிறகு குனிந்து, இன்னொரு முறை அந்தச் செல்களைப் பார்த்தார்.